அட்டவணை எண்ணைக் கையால் தட்டச்சு செய்யலாமா?

கேள்வி: சேலத்தில் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் ஊடுபயிராக வளரும் மிளகு குறித்த ஆய்வேட்டை வேர்டில் தயாரித்துள்ளேன். அதில் 14 அட்டவணைகளும் 9 படங்களும் உள்ளன. நெறியாளர் நடுவில் ஓர் அட்டவணையைச் சேர்க்கச் சொன்னதும் எண்கள் அனைத்தும் குழம்பிவிட்டன. நீண்ட அட்டவணைகளின் தலைப்பு வரிசை அடுத்த பக்கத்தில் வருவதில்லை. என்ன செய்வது?

பதில்: எண்களை நீங்களே தட்டச்சு செய்திருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். அவற்றை அழித்துவிட்டு, ‘ரெஃபரன்சஸ்’ பட்டியிலுள்ள ‘இன்சர்ட் கேப்ஷன்’ வழியாகத் தலைப்பிடுங்கள். ‘நியூ லேபிள்’ என்பதில் ‘அட்டவணை’, ‘படம்’ என்று தமிழிலேயே பெயர் சேர்த்துக்கொள்ளலாம். உரைக்குள் ஓர் அட்டவணையைச் சுட்டும் இடங்களில் ‘கிராஸ் ரெஃபரன்ஸ்’ பயன்படுத்தினால், பிறகு எதைச் செருகினாலும் கன்ட்ரோல் ஏ, அதன்பின் எஃப்9 அழுத்தியதும் எண்கள் தாமாகவே சரியாகிவிடும்.

தமிழில் எழுதுவோர் தவறும் இடம் ஒன்று உண்டு. ‘அட்டவணை 5-இல்’ என்று எழுதும்போது ‘-இல்’ என்ற உருபைச் சாம்பல் நிறத்தில் தெரியும் புலத்துக்குள் (வேர்டு தானாக எண்ணை இடும் பகுதி, ‘ஃபீல்ட்’) தட்டச்சு செய்தால், அடுத்த புதுப்பிப்பில் அது மறைந்துவிடும். ஆகவே உருபு எப்போதும் புலத்துக்கு வெளியே நிற்க வேண்டும்.

தலைப்பு வரிசைக்கு ‘ரிபீட் ஹெடர் ரோஸ்’ போதும். ஆனால் அட்டவணையைச் சுற்றி உரை ஓடும்படி அமைத்திருந்தால் அது வேலை செய்யாது என்பதால், ‘டெக்ஸ்ட் ராப்பிங்’கை ‘நன்’ என மாற்றுங்கள். தோற்றத்துக்கு ஒரே அட்டவணைப் பாணியை உருவாக்கி, 14 அட்டவணைகளுக்கும் அதையே கொடுங்கள். செங்குத்துக் கோடுகள் பெரும்பாலும் தேவையற்றவை என்பது என் கருத்து. விளைச்சல் எண்களைத் தசமப் புள்ளி நேராக நிற்கும்படி அடுக்கினாலே கண் தடுமாறாது.

படங்களை ‘இன் லைன் வித் டெக்ஸ்ட்’ என்றே வையுங்கள். மிதக்கும் படத்துக்குத் தலைப்பிட்டால் அது தனி உரைப்பெட்டிக்குள் போய்விடும். கன்ட்ரோல் ஏ அதைத் தொடாது. ஏ4 தாளின் 210 மி.மீ. அகலத்தில் நூற்கட்டுக்காக இடப்புறம் 40, வலப்புறம் 25 மி.மீ. விட்டால் 145 மி.மீ. எஞ்சும், கிடைமட்டப் படங்கள் அனைத்துக்கும் அந்த அகலத்தையே கொடுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டுமானால், சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக்கொடியின் ஒளிப்படம் ஏறத்தாழ 1,700 பிக்சல் அகலம் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் பெரும்பாலும் சுருங்கியிருக்கும். மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

அட்டவணைக்குத் தலைப்பு மேலே, படத்துக்குக் கீழே என்பது பரவலான வழக்கம்; உங்கள் பல்கலைக்கழகம் வேறு விதி வைத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.