ஒக்டோபரில் காணாமற்போன மழை – கடிதம்

வணக்கம் சேர்,

கம்பஸ் ஆய்வுக்காகக் கொழும்பின் ஒரு வருடத் தினசரி மழைப் பதிவைப் போர்ட்ரான் என்ற நிரல் மொழியில் வாசித்துக் கூட்டுகிறேன். 365 வரிகள், ஒவ்வொன்றிலும் வருடம், மாதம், நாள், மழையளவு. ஒவ்வொரு வாசிப்பும் எப்படி முடிந்தது என்பதை ஐஓஸ்டாட் என்ற எண் சொல்லும். அது பூச்சியமாக இல்லாவிட்டால், வரிவரியாக வாசிக்கும் சுற்றிலிருந்து வெளியேறும்படி எழுதியிருக்கிறேன். பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. ஆனால் மொத்தம் 1,560 மில்லிமீற்றர்தான் வருகிறது. கொழும்புக்கு இது மிகவும் குறைவு என்கிறார் மேற்பார்வையாளர். பைதன் மொழிக்கு மாறினால் சரிவரும் என்கிறார்கள் நண்பர்கள். மாறவா? கோப்பை இணைத்திருக்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மாணவி

வணக்கம்.

உங்கள் மேற்பார்வையாளர் சொல்வது சரி. கொழும்பில் வருடத்துக்குச் சராசரியாக 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்யும். கோப்பைத் திறந்து பார்த்தேன். செப்டெம்பர் 30 வரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஒக்டோபர் முதலாம் திகதிக்கு, மழையளவு வர வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் 'டிஆர்' என்று இரண்டு எழுத்துகள். அளக்க முடியாத அளவுக்குச் சொற்பமாகத் தூறியது என்பதைக் காட்ட வானிலைக்காரர்கள் போடும் குறி அது. இலக்கத்தை எதிர்பார்த்த ரீட் என்ற வாசிப்புக் கூற்று அங்கே தடுக்கி விழுந்தது. உங்கள் சுற்றோ கோப்பு முடிந்துவிட்டதென்று நினைத்து, 273 நாட்களோடு கணக்கை மூடிவிட்டது.

பாணந்துறையிலிருந்து புறக்கோட்டைக்குப் போகும் 100ஆம் இலக்க பஸ் வெள்ளவத்தையில் பழுதாகி நின்றால், புறக்கோட்டை வந்துவிட்டது என்று யாரும் இறங்கிப் போவதில்லை. உங்கள் நிரல் அதைத்தான் செய்திருக்கிறது. விடுபட்டதும் சும்மா மாதங்களல்ல. ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாம் இடைப்பருவப்பெயர்ச்சிக் காலம், கொழும்பில் மழை கொட்டித் தீர்க்கும் மாதங்கள். அந்தக் குறி டிசம்பர் கடைசி வாரத்தில் வந்திருந்தால் மொத்தம் கொஞ்சம்தான் குறைந்திருக்கும், யாருக்கும் சந்தேகமே வந்திராது. ஒரு வகையில் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

ஐஓஸ்டாட் தருவது ஆம், இல்லை என்ற இரண்டு பதில்களை அல்ல. போர்ட்ரான் 77 காலத்திலிருந்தே அது மூன்று விதமாகப் பேசுகிறது. பூச்சியம் என்றால் வாசித்தாயிற்று. நேர் எண் என்றால் பிழை. மறை எண் என்றால் முடிவு. பூச்சியமா இல்லையா என்று மட்டும் கேட்டால் பின்னிரண்டும் ஒன்றாகிவிடும். எந்த எண் என்பது, நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கொம்பைலருக்குக் கொம்பைலர் மாறும். ஜிஃபோர்ட்ரான் என்ற கொம்பைலரில் கோப்பு முடிவுக்கு -1, இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருந்தால் 5010. இவற்றை மனப்பாடம் செய்து நிரலில் எழுதி வைக்காதீர்கள். போர்ட்ரான் 2003 இதற்கென்றே ஐஓஸ்டாட்_எண்ட் என்ற மாறிலியை, அதாவது கோப்பு முடிவைக் குறிக்கும் எண்ணுக்கு ஒரு பெயரை, தந்திருக்கிறது. அதோடு ஒப்பிட்டு, பொருந்தினால் மட்டும் சுற்றை விட்டு வெளியேறுங்கள். பூச்சியமும் அல்லாமல் வேறு எது வந்தாலும் வரி இலக்கத்தையும், பிழையை விளக்கி ஐஓஎம்எஸ்ஜி தரும் செய்தியையும் அச்சிட்டு நிரலை நிறுத்திவிடுங்கள்.

பிழையான வரியைத் தாண்டிவிட்டு மேலே போனால் என்ன என்று கேட்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிழை வந்த பிறகு மாறிகளில் என்ன இருக்கும், கோப்பில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதற்கு மொழியின் நியமம் உத்தரவாதம் தருவதில்லை.

இதைவிட மோசமான ஒன்றும் உங்கள் கோப்பில் இருக்கிறது. நவம்பர் 12க்கு மழையளவே இல்லை; வரி நாளோடு முடிந்துவிடுகிறது. நீங்கள் வடிவம் எதையும் குறிப்பிடாமல் நட்சத்திரக் குறி போட்டு வாசிப்பதால், நாலாவது எண்ணைத் தேடி ரீட் அடுத்த வரிக்கு இறங்கும். அங்கே முதலில் இருப்பது வருடம். ஆக, நவம்பர் 12இல் இரண்டாயிரத்துச் சொச்சம் மில்லிமீற்றர் மழை! 13ஆம் திகதியின் மிச்ச எண்கள் கேட்பாரற்றுப் போகும். ஐஓஸ்டாட் அப்போதும் பூச்சியம்தான்.

எனவே வரியை முதலில் அப்படியே எழுத்துச் சரமாக வாசியுங்கள். கோப்பு முடிந்ததா என்பதை அந்த வாசிப்பிடம் மட்டும் கேளுங்கள். பிறகு அந்தச் சரத்திலிருந்து நாலு எண்களைப் பிரித்தெடுங்கள். இந்த இரண்டாவது வாசிப்பிலும் ஐஓஸ்டாட்_எண்ட் வரலாம், கவனம். அங்கே அதன் பொருள் வரியில் எண் போதவில்லை என்பதுதான். அதைப் பார்த்துச் சுற்றை முடித்தால் மறுபடியும் பழைய கதை.

உண்மையான முடிவு வந்தாலும் எல்லாம் வாசித்தாயிற்று என்று நம்ப முடியாது. பதிவிறக்கம் பாதியில் அறுந்த கோப்பும் ஒழுங்காகத்தான் முடியும். கோப்பைத் திறக்கும் ஓப்பன் கூற்றில் பழைய கோப்பு என்று சொல்லாமல் விட்டு, கோப்பின் பெயரையும் தவறாக எழுதினால், ஜிஃபோர்ட்ரான் அந்தப் பெயரில் வெற்றுக் கோப்பொன்றை உருவாக்கி, முதல் வாசிப்பிலேயே முடிந்தது என்று சொல்லும். மொத்தத்தோடு எத்தனை நாட்கள் வாசித்தீர்கள் என்பதையும் அச்சிடுங்கள். 365 வராவிட்டால் அந்த மொத்தத்தை வெளியே காட்ட வேண்டாம்.

பைதன் விஷயம். 'டிஆர்' என்பதை எண்ணாக மாற்றச் சொன்னால் அது கத்திக்கொண்டு நின்றுவிடும், அந்த மட்டில் நல்லது. ஆனால் அங்கேயும் பிழையைப் பிடிக்கும் ட்ரை, எக்செப்ட் போட்டு எந்தப் பிழையையும் விழுங்கிவிட்டுச் சுற்றை முடிப்பவர்கள் இருக்கிறார்கள். சி மொழியில் ஓர் எழுத்தை வாசிக்கும் கெட்சி என்ற சார்பு முடிவுக்கும் பிழைக்கும் இஓஎஃப் என்ற ஒரே மதிப்பைத்தான் தரும். எது என்று பிறகு எஃப்ஈஓஎஃப், ஃபெரர் என்ற சார்புகள் இரண்டிடமும் கேட்டுத்தான் அறிய வேண்டும். மாற விருப்பமென்றால் தாராளமாக மாறுங்கள், இந்தக் காரணத்துக்காக வேண்டாம்.

'டிஆர்' வரும் நாட்களை மொத்தத்தில் பூச்சியமாக எடுத்துக்கொள்ளலாம். எத்தனை நாட்கள் என்று தனியாக எண்ணி வையுங்கள். நவம்பர் 12ஐ அப்படிச் செய்ய முடியாது. அன்று மழை இல்லையா, அளக்கவில்லையா என்பது கோப்பைப் பார்த்துத் தெரியவில்லை. பதிவை வாங்கிய இடத்தில் கேட்டுவிட்டு மொத்தத்தை எழுதுங்கள்.