காசு கட்டினால் குதிரை இன்னும் ரெண்டு கட்டம் கூடத் தாவுமா?

செஸ் பகுதிக்கு இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எஞ்சின், அதாவது செஸ் ஆடவும் ஆட்டத்தை அலசவும் தெரிந்த கம்ப்யூட்டர் நிரல், பற்றியவை, அதிலும் எஞ்சினுக்குக் காசு கட்டுவது பற்றியவை. குமுளிக்கு மேலேயிருந்தும் வந்திருக்கிறது, கீழே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் வந்திருக்கிறது. அதனால் புதிர், ஓப்பனிங் சந்தேகம் எல்லாம் அடுத்த இதழுக்கு.

கேள்வி: வண்டிப்பெரியாறில் ஜீப் ஓட்டுகிறேன். மனைவி எஸ்டேட்டில் கொளுந்து எடுக்கிறாள். மகள் ஏழாவது படிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை தோறும் மலை இறங்கிக் கம்பத்துக்குச் செஸ் கிளாஸ் போகிறாள். அங்கே சொல்லிக்கொடுப்பவர், போனில் இருக்கிற எஞ்சின் எல்லாம் விளையாட்டுச் சாமான், கிளவுடில் ஓடுகிற பெரிய எஞ்சினுக்கு மாதச் சந்தா கட்டினால்தான் மேலே வர முடியும், மற்ற பிள்ளைகள் எல்லாம் கட்டியாகிவிட்டது என்கிறார். மாதம் மூவாயிரத்துச் சொச்சம். சீட்டுப் பணத்தை எடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன். இருப்பவன் பிள்ளைக்கு ஒரு மூளை, இல்லாதவன் பிள்ளைக்கு ஒரு மூளை என்று ஆகிவிட்டதா ஐயா? அவள் போன வாரம் தோற்ற ஆட்டத்தின் நகர்வுகளை எழுதிய ஸ்கோர் ஷீட்டையும் இதோடு வைத்திருக்கிறேன்.

பதில்: சீட்டுப் பணத்தைத் தொடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

இன்றைக்கு உலகத்தில் முதல் வரிசையில் நிற்கிற எஞ்சின் ஸ்டாக்ஃபிஷ். அதற்கு விலையே கிடையாது. நார்வேக்காரர் டோர்ட் ரோம்ஸ்டாட் எழுதி வைத்திருந்த ஒரு எஞ்சினை எடுத்து, இத்தாலிக்காரர் மார்கோ கோஸ்டால்பா 2008-ல் ஆரம்பித்து வைத்தது. நிரல் முழுக்கத் திறந்து கிடக்கிறது, யாரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம். ஒருவர் ஒரு திருத்தம் அனுப்பினால் அது நல்லதா கெட்டதா என்று பார்க்க ஆயிரக்கணக்கில் ஆட்டம் ஓட்ட வேண்டும், அதற்கு 2013-லிருந்து உலகம் பூராவும் முகம் தெரியாத ஆட்கள் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை இரவல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், நம் ஊரில் கோயில் கொடைக்கு ஆளாளுக்கு அரிசி அளந்து கொடுப்பது மாதிரி. லீலா என்று இன்னொன்று, 2018-ல் வந்தது, அதுவும் சும்மாதான்.

உங்கள் கம்பம் மாஸ்டர் சொல்கிற கிளவுட் எஞ்சின்? பெரும்பாலும் அதே ஸ்டாக்ஃபிஷ்தான். மீன் ஒன்றுதான், சட்டிதான் பெரிசு. நீங்கள் கட்டும் காசு எஞ்சினுக்கு இல்லை, எங்கேயோ ஓடுகிற பெரிய கம்ப்யூட்டரின் வாடகைக்கு.

சரி, பெரிய சட்டியால் லாபமே இல்லையா? உண்டு, கொஞ்சம். உங்கள் போன் ஒரு நொடிக்கு லட்சக்கணக்கில் நிலைகளைப் பார்க்கும், அந்தப் பெரிய கம்ப்யூட்டர் கோடிக்கணக்கில் பார்க்கும். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரு படி ஆழம் (ஒருவர் ஒரு முறை காய் நகர்த்துவது ஒரு படி) கூடுதலாகப் போக வேண்டுமானால் வேலை ஏறத்தாழ ஒன்றரை, ரெண்டு மடங்காகிறது, அதற்கடுத்த படிக்கு அதிலிருந்து மறுபடியும் அத்தனை மடங்கு, இப்படிப் பெருகிப் போவதால் நூறு மடங்கு வேகத்தை வாடகைக்கு எடுத்தாலும் கையில் கிடைப்பது ஏழெட்டுப் படி ஆழம். யாருக்கு எவ்வளவு சாதகம் என்பதை எஞ்சின் சிப்பாய்க் கணக்கில் சொல்லும்; போன் 0.31 என்று சொன்ன இடத்தில் அது 0.24 என்று சொல்லும். ஒரு சிப்பாயில் நூற்றில் ஏழு பங்கு. ஏழாவது படிக்கிற பிள்ளைகளின் ஆட்டம் முழு யானையைக் கவனிக்காமல் விட்டதில்தான் முடிகிறது, எனக்கும் இன்னமும் அப்படித்தான் முடிகிறது.

போன் விளையாட்டுச் சாமான் என்றாராமே, அதற்கு ஒரு பழைய கதை. 2009-ல் புவனோஸ் ஏர்ஸில் நடந்த போட்டியில் பாக்கெட் ஃபிரிட்ஸ் என்ற எஞ்சினை ஒரு செல்போனில் ஓட்டி மனிதர்களோடு ஆடவிட்டார்கள். 10 ஆட்டத்தில் 9½ புள்ளி. அந்தப் போட்டியில் அது ஆடிய தரத்தை ரேட்டிங் புள்ளியாகக் கணக்குப் போட்டால் 2898 வந்தது. உலக சாம்பியனாக இருந்த மாக்னஸ் கார்ல்சன் வாழ்க்கையில் தொட்ட உச்சமே 2882, அதுவும் 2014-ல். இன்றைக்கு உங்கள் மகள் கையில் இருக்கிற போன், கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலும், அந்தப் போனுக்குப் பேரன் முறை.

இனி ஸ்கோர் ஷீட்டுக்கு வருகிறேன். வேண்டுமென்றே என்னுடைய பழைய போனில், ஆறு வருஷத்துப் போன், டேட்டாவை அணைத்துவிட்டு ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் எதிராளிக்கு ராஜா, யானை, நடுவில் ஒரு சிப்பாய். உங்கள் மகளுக்கு ராஜாவும் யானையும். சிப்பாய் ஐந்தாவது வரிசையில் நிற்கிறது, அவள் ராஜா அதற்கு நேர் எதிரே எட்டாவது வரிசையில் காவல். ஒரு நொடி கூட ஆகவில்லை, போன் 0.00 என்று காட்டிவிட்டது. அதாவது டிரா. நான்கைந்து நகர்வுகளுக்கும் அதே 0.00. அவளோ பயந்துபோய் யானையைக் கடைசி வரிசைக்கு இழுத்து ராஜா பக்கத்தில் வைத்தாள், பத்து நகர்வில் தோற்றாள்.

இது 1777-லேயே பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் தன் புத்தகத்தில் போட்டுவிட்ட நிலை. யானையை ஆறாவது வரிசையில் வேலி மாதிரி வை, எதிரி ராஜா உள்ளே வர முடியாது, அதே வரிசையில் அங்கேயும் இங்கேயும் நகர்த்திக்கொண்டிரு, சிப்பாய் ஆறாவது வரிசைக்கு அடி எடுத்து வைத்த அந்த நிமிஷம் யானையை நேரே முதல் வரிசைக்கு இறக்கி, பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இரு. ராஜா ஒளிய இடம் இருக்காது, சிப்பாய்தான் முன்னால் போய்விட்டதே. அவ்வளவுதான். இதை எஞ்சின் சொல்லாது. அது நகர்வைக் காட்டி 0.00 என்று மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது. மூவாயிரம் கட்டினாலும் 0.00, கட்டாவிட்டாலும் 0.00. இதைப் பலகையில் காயை வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியது அந்த மாஸ்டர், அதற்குத்தான் நீங்கள் ஃபீஸ் கட்டுகிறீர்கள். அந்தச் சந்தாவில் அவருக்குக் கமிஷன் உண்டா என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

பணம் பேசுகிற இடமே இல்லை என்று சொன்னால் பொய். மேலே, உச்சாணியில், பேசுகிறது. 2010-ல் சோபியாவில் உலகப் பட்டத்துக்காக ஆனந்தோடு மோதிய பல்கேரியாவின் டோபலோவ் தயாரிப்புக்கு ஒரு சூப்பர் கம்ப்யூட்டரையே பயன்படுத்தினார். அந்த மட்டத்தில் பதினைந்தாவது நகர்வில் ஒரு புது யோசனை கிடைத்தால் அதற்கு விலை உண்டு. எரிமலைச் சாம்பலால் விமானம் இல்லாமல் ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து சாலை வழியாகப் போய்ச் சேர்ந்த ஆனந்த், கடைசி ஆட்டத்தைக் கறுப்புக் காயில் ஜெயித்துப் பட்டத்தைத் தக்கவைத்தார் என்பது வேறு விஷயம். உங்கள் மகள் அந்த உச்சிக்குப் போகும்போது வாடகைக்குக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொடுக்க ஆயிரம் பேர் வருவார்கள்.

இப்போதைக்கு: டிராய்ட்ஃபிஷ் என்று ஒரு ஆப், இலவசம், ஒரு முறை இறக்கிவிட்டால் நெட் வேண்டாம், எஸ்டேட் லயத்து வீட்டுக்குள் சிக்னல் வராவிட்டாலும் ஓடும். ஆட, அலச லிசெஸ் என்ற இணையதளம், சந்தாவும் இல்லை விளம்பரமும் இல்லை, பிரான்ஸில் பதிவான லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துவது. அந்த மூவாயிரத்தை வைத்து ரேட்டிங் போட்டிக்கு அனுப்புங்கள். அநியாயம் உண்மையில் அங்கேதான் இருக்கிறது. எஞ்சின் எல்லோருக்கும் ஒன்று, ஆனால் போட்டி எர்ணாகுளத்திலும் சென்னையிலும் நடக்கிறது, எஸ்டேட்டில் நடப்பதில்லை. நுழைவுக் கட்டணம், கூடப் போகிற ஆளுக்கும் சேர்த்து பஸ், நாலு ராத்திரி ரூம், உங்களுக்கு அந்த நாலு நாள் ஓட்டம் இல்லை. இதைப் பற்றி யாரும் கேள்வி அனுப்ப மாட்டேன் என்கிறீர்கள்.

கேள்வி: எனக்கு வசதி இருக்கிறது. சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம். பையனுக்கு லேப்டாப், கிளவுட் சந்தா, டேட்டாபேஸ் எல்லாம் வாங்கிக் கொடுத்தாயிற்று. அதில் என்ன தப்பு? ஒன்று மட்டும், தோற்றுவிட்டு வந்தால் எஞ்சினைப் பார்த்து "ஜெயிக்கிற நிலைதான்பா" என்கிறான், அடுத்த வாரம் மறுபடி தோற்கிறான்.

பதில்: தப்பு ஒன்றும் இல்லை, உங்கள் காசு. ஆனால் நோயை நீங்களே எழுதிவிட்டீர்கள். தோற்ற ஆட்டத்தை முதலில் அவனே பலகையில் வைத்து, எந்த இடத்தில் என்ன நினைத்தான் என்று நோட்டில் எழுதட்டும், லேப்டாப் அதுவரை பீரோவில். குகேஷை அவருடைய ஆரம்பகாலப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா கிராண்ட்மாஸ்டர் தரம் வரும்வரை எஞ்சின் பக்கம் விடவில்லை. 2019 ஜனவரியில் பட்டம், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன். எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவராது, நானே இவ்வளவு கறாராக இருக்கச் சொல்ல மாட்டேன். ஒரு மாதம் சந்தாவை நிறுத்திப் பாருங்கள். திராட்சைக்குத் தண்ணீர் கூடிப்போனால் என்ன ஆகும் என்று எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லையே.

கேள்வி: ஸ்டாக்ஃபிஷ் மாதிரிச் சும்மா கிடைக்கிற எஞ்சினை எடுத்துப் பெட்டியில் போட்டு விற்பது குற்றம் இல்லையா? (கல்லூரி மாணவர், கூடலூர்)

பதில்: இல்லை, ஸ்டாக்ஃபிஷின் உரிமம் விற்கத் தடை போடவில்லை. ஆனால் இது இன்னதிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும், நிரலையும் கொடுக்க வேண்டும். இதில்தான் சண்டை வந்தது. 2021 பிப்ரவரியில் ஜெர்மனியின் செஸ்பேஸ் நிறுவனம் ஃபேட் ஃபிரிட்ஸ் 2 என்று 99.90 யூரோவுக்கு ஒரு எஞ்சினை விற்றது. உள்ளே இருந்தது ஸ்டாக்ஃபிஷ், நிலையை எடைபோடுகிற அதன் நரம்பு வலை (நியூரல் நெட்வொர்க்) பகுதியை மட்டும் வேறாகப் பழக்கியிருந்தார்கள். ஸ்டாக்ஃபிஷ்காரர்கள் உரிமத்தை ரத்து செய்து, ஜூலையில் கோர்ட்டுக்குப் போனார்கள், 2022 நவம்பரில் சமரசம் ஆயிற்று. ஒரு வருஷம் ஸ்டாக்ஃபிஷ் கலந்த எதையும் அந்த நிறுவனம் விற்கக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை.

உங்கள் வயதுக்குத் தெரிய வாய்ப்பில்லை, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நல்ல எஞ்சின் என்றால் காசுதான். ரிப்கா என்று ஒன்று, எல்லோரும் வாங்கினோம், நானும் ஒரு மாதச் சம்பளத்தில் பெரிய துண்டைக் கொடுத்து வாங்கினேன். 2011-ல் மற்ற எஞ்சின்களின் நிரலை எடுத்துக்கொண்டதாகச் சொல்லி அதன் நான்கு உலகப் பட்டங்களையும் பறித்துவிட்டார்கள். என் காசை யாரும் திருப்பித் தரவில்லை. ஏழு காய் மீதமிருக்கும் முடிவாட்டங்களின் விடைகளுக்கும் முதலில் காசு, அப்புறம் சும்மா என்கிற கதைதான். 2012-ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லோமனோசோவ் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு முடித்தார்கள், 140 டெராபைட், பார்க்கக் காசு கட்ட வேண்டியிருந்தது. 2018-ல் அதே முடிவாட்டங்களின் வெற்றி, டிரா, தோல்வி விடைகளைச் சிசிஜி என்ற முறையில் 20 டெராபைட்டுக்குள் அடக்கிவிட்டார்கள், இன்று லிசெஸில் யாரும் சும்மா பார்க்கலாம்.

கேள்வி: தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், செங்கோட்டை. ஒரு காலத்தில் கார்டில் நகர்வு எழுதி செஸ் ஆடியிருக்கிறேன். இப்போது அந்த ஆட்டத்தில் எஞ்சின் பார்க்கலாம் என்கிறார்களே, அப்படியானால் பெரிய மெஷின் வைத்திருப்பவன்தானே ஜெயிப்பான்?

பதில்: ஐயா, நியாயமாக அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். சர்வதேசக் கடித செஸ் அமைப்பான ஐசிசிஎஃப் நடத்தும் கடித செஸ்ஸில் எஞ்சின் தாராளமாக அனுமதி, யார் எவ்வளவு பெரிய மெஷின் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஒரு நகர்வுக்கு நாள் கணக்கில் ஓடவிடலாம். நடப்பது என்ன தெரியுமா? உலக சாம்பியன்ஷிப் இறுதிச் சுற்றிலேயே ஏறக்குறைய எல்லா ஆட்டமும் டிரா. ஒருவர் லட்சம் கொட்டி மெஷின் வாங்குகிறார், மற்றவர் பத்தில் ஒரு பங்கு விலைக்கு வாங்குகிறார், ரெண்டு பேரும் கை குலுக்கிவிட்டுப் போகிறார்கள். உங்கள் கார்டு காலமே சுவாரசியம். பழைய கார்டுகள் இருந்தால் ஒன்றிரண்டின் படம் அனுப்புங்கள், போடலாம்.

கேள்வி: பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் ஸ்டாக்ஃபிஷ் போடலாமா? (ஒன்பதாம் வகுப்பு, பீர்மேடு)

பதில்: தாராளமாக. கேரள அரசுப் பள்ளிகளில் இருப்பது லினக்ஸ், ஸ்டாக்ஃபிஷும் அதே மாதிரிக் கட்டற்ற மென்பொருள், ஒத்துப்போகும். முதலில் சாரிடம் கேள். அவர் மாட்டேன் என்றால் ஊர் வாயனசாலையில் (நூலகத்தில்) கேட்டுப் பார்.

வண்டிப்பெரியாறு ஜீப்காரருக்கு ஒரு வார்த்தை: ஸ்கோர் ஷீட்டில் 34-வது நகர்வில் மழைத்தண்ணீர் பட்டு எழுத்து கலைந்திருக்கிறது, குதிரை f6-க்குப் போனதா h6-க்குப் போனதா என்று மகளிடம் கேட்டு எழுதுங்கள். f6 என்றால் அங்கேயே அவளுக்கு ஒரு சிப்பாய் கிடைத்திருக்க வேண்டும்.