மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் கூடிய எடை: எந்த அளவுக்குக் கவலைப்பட வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 54. ஹார்மோனால் தூண்டப்படும் வகை மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு எல்லாம் முடிந்துவிட்டன. லெட்ரோசோல் மாத்திரை மட்டும் தொடர்கிறது. 64 கிலோவாக இருந்த என் எடை இப்போது 71 கிலோ. உயரம் 157 செ.மீ. இந்த எடையால் நோய் திரும்பிவிடுமா? விரைவாகக் குறைக்க வேண்டுமா? அக்குளில் நிணநீர்க் கணுக்களை அகற்றியிருப்பதால் அந்தக் கையால் பளு தூக்கவும் அஞ்சுகிறேன்.

பதில்: உடல் எடைக்கும் இந்த நோயின் போக்குக்கும் தொடர்பு உண்டு. ஆனால், அதை வைத்து ஒரு தனிமனிதருக்கு நோய் திரும்பும் என்றோ திரும்பாது என்றோ சொல்லிவிட முடியாது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய 82 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014-இல் வெளியான பகுப்பாய்வில், நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே உடல் பருமன் (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. எண் 30-க்கு மேல்) இருந்தவர்களிடம், இயல்பான எடை உள்ளவர்களைக் காட்டிலும் மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ 35 சதவீதம் கூடுதலாக இருந்தது. இது ஒப்பீட்டுக் கணக்கு என்பதை மறந்துவிட்டால் வீண் பீதிதான் மிஞ்சும்: நூறு பேரில் பத்துப் பேர் இறக்கக்கூடிய ஒரு நிலையில், அந்த எண்ணிக்கை பதின்மூன்று, பதினான்கு ஆகும் என்பதே இதன் பொருள்.

உங்கள் பி.எம்.ஐ. 26-லிருந்து 29-ஐ நெருங்கியிருக்கிறது. கூடிய எடை பழைய எடையில் சுமார் 11 சதவீதம். நோய் கண்டறியப்பட்ட பிறகு 10 சதவீதத்துக்கு மேல் எடை கூடியவர்களிடம்தான் ஒட்டுமொத்த இறப்பு விகிதம் தெளிவாக உயர்ந்திருந்தது என்பதால், உங்கள் நிலையை அலட்சியப்படுத்தவும் கூடாது.

எடையைக் குறைத்தால் நோய் திரும்புவது குறையுமா என்பதற்கு இவ்வளவு உறுதியான சான்று இல்லை. 2006-இல் முடிவுகள் வெளியான ஓர் ஆய்வில் கொழுப்பு குறைந்த உணவுக்கு மாறிய பெண்கள் இரண்டு மூன்று கிலோ இளைத்தார்கள். அவர்களிடம் நோய் திரும்புவது சுமார் கால் பங்கு குறைந்தது. மறு ஆண்டு வெளியான இன்னொரு பெரிய ஆய்வில் காய்கறியும் பழமும் மிகுந்த உணவை உண்டவர்களுக்கு எடையும் மாறவில்லை, பலனும் தெரியவில்லை. எடையே காரணம் என்று முடிவுகட்ட இது போதாது. நான் இதை ஒரு குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

மாதவிடாய் நின்ற பிறகு, கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் என்னும் நொதிதான், உங்கள் வகை நோயைத் தூண்டும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உருவாக முக்கிய வழியாகிறது. லெட்ரோசோல் தடுப்பது அந்த நொதியைத்தான். எடை கூடுவதற்கு மாத்திரைதான் காரணம் என்று எண்ணித் தாமாகவே அதை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. கூடிய ஏழு கிலோவைவிட அந்த முடிவுதான் எனக்குப் பெரும் அச்சம் தருகிறது. மாத்திரையால் மூட்டு வலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்; முறையான உடற்பயிற்சி அந்த வலியையும் தணிக்கும்.

விரைவாகக் குறைக்க வேண்டாம். கீமோதெரபிக் காலத்தில் அசதியாலும் நடமாட்டக் குறைவாலும் தசை கரைந்து, அதன் இடத்தில் கொழுப்பு சேர்வது வழக்கம். எடை பார்க்கும் கருவி இந்த மாற்றத்தைக் காட்டாது. பட்டினி கிடந்தால் எஞ்சியிருக்கும் தசையும் போகும். லெட்ரோசோலால் ஏற்கெனவே அடர்த்தி குறையும் எலும்பும் மேலும் நலியும். ஆறு மாதத்தில் மூன்றரை முதல் ஐந்து கிலோ வரை குறைந்தால் போதும். வேளைதோறும் புரதம் இருக்கட்டும். இடுப்புச் சுற்றளவையும் குறித்து வையுங்கள். எலும்பு அடர்த்திப் பரிசோதனை எப்போது தேவை என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வாரத்துக்கு 150 நிமிடம் விரைந்த நடையும், இரண்டு நாள் தசை வலுவூட்டும் பயிற்சியும் நல்ல இலக்கு. கையைப் பற்றிய உங்கள் அச்சம் இயல்பானதே; மருத்துவர்களே நெடுங்காலம் அப்படித்தான் எச்சரித்து வந்தார்கள். ஆனால், ஏற்கெனவே கையில் நிணநீர் வீக்கம் (கணுக்களை அகற்றிய பின் நிணநீர் வடியாமல் தேங்குவதால் வருவது) இருந்த 141 பெண்களை வைத்து நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், சிறு பளுவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டியவர்களுக்கு வீக்கம் அதிகரிக்கவில்லை. அது திடீரென மோசமாவதும் குறைந்தது. மாறாக, மிகையான எடையே வீக்கம் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. முதல் சில வாரங்கள் இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் செய்யுங்கள். கை கனத்தாலோ மோதிரம் இறுகினாலோ பளுவைக் குறைத்து அவரிடம் காட்டுங்கள்.

எடை குறைக்கும் ஊசி, மூலிகைப் பொடி எதையும் உங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். எந்த முயற்சியும் செய்யாமலே எடை இறங்கிக்கொண்டு வந்தால், அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் அவரைப் பாருங்கள்.