படத்தில் இருந்த சிரை

அன்புள்ள டாக்டர்,

தலைவலிக்காக ஸ்கேன் எடுத்தேன். வலது பக்கம் ட்ரோலார் சிரை தெரியவில்லை, லாபே சிரை பெரிதாக உள்ளது, இயல்பான வேறுபாடுதான் என்று அறிக்கையில் இருக்கிறது. ஒரு நரம்பே இல்லாமல் பிறந்துவிட்டேனா? ஞாபக மறதி வருமா? சிரசாசனம் செய்யலாமா? இரண்டு வாரமாகத் தூக்கமில்லை.

ம.

அன்புள்ள ம.,

‘இயல்பான’ என்று நீங்களே எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே அழுதால் எப்படி? அது நரம்பும் இல்லை, சிரை. மூளைக்குப் போன இரத்தம் திரும்பும் வழி. மறதி இதனால் வராது. சிரசாசனத்தை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், எனக்கு நேராக நிற்பதே பாடு.

உங்கள் கடிதம் வந்தபோது என் பழைய ரெக்கார்டு நோட்டைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். 1868இல் ட்ரோலார் என்ற மருத்துவர் விவரித்த சிரை, மூளையின் பக்கவாட்டுப் பள்ளத்திலிருந்து உச்சியிலுள்ள பெரிய சைனஸுக்கு (மூக்குச் சைனஸ் அல்ல, சிரை இரத்தம் வடியும் கால்வாய்) ஏறுகிறது. 1879இல் லாபே விவரித்தது பின்னால் இறங்குகிறது. பாடம் இவ்வளவுதான். மாணவனாக மேசையிலிருந்த மூளையில் ட்ரோலாரை ஒரு மதியம் முழுக்கத் தேடினேன். ஒன்றுக்கு மூன்றாக மெல்லிய சிரைகள் ஏறின, எதை ட்ரோலார் என்பது? மறுபக்கம் திருப்பினால், அதே மனிதருக்கு, அங்கே வேறு கோலம். நான் என்ன செய்தேன் தெரியுமா, புத்தகத்தைப் பார்த்து நீலப் பென்சிலால் தடியாக ஒன்றை வரைந்து வைத்தேன். ‘நன்று’ என்று கையெழுத்தும் கிடைத்தது. கண்ணெதிரே இருந்ததை விட்டுவிட்டு இல்லாததை வரைந்ததற்கு! இன்னும் உறுத்துகிறது. நீங்களும் அந்த நீலப் பென்சில் படத்தை வைத்துக்கொண்டுதான் உங்கள் தலையில் ஒன்று குறைகிறது என்கிறீர்கள்.

கருவில் இந்தச் சிரைகள் வலைப்பின்னலாகத்தான் தொடங்குகின்றன. சில வழிகள் பெரிதாகும், சில தூர்ந்துபோகும். ஒன்று பெரிதானால் பக்கத்திலிருப்பது சிறுத்துவிடும், வடிய வேண்டியது எப்படியும் வடிந்துவிடும். உங்களுக்கு லாபே அந்த வேலையைப் பார்க்கிறது, பார்க்கட்டுமே.

அப்படியானால் ஏன் எழுதினார்கள் என்பீர்கள். என்றாவது ஒருவர் அந்தப் பக்கம் மண்டையைத் திறக்க நேர்ந்தால் அவருக்காக. முக்கிய வடிகாலாக இருக்கும் லாபேயை வெட்டிவிட்டால் பொட்டு மடல், அதாவது காதுப் பக்கத்து மூளைப் பகுதி, வீங்கி இரத்தம் கசியலாம். இடது பக்கமென்றால் பேச்சே போகலாம். அவர் என் நோட்டை நம்பக் கூடாது, உங்கள் படத்தைப் பார்க்க வேண்டும். பத்திரமாக வையுங்கள்.

சரி, தலைவலிக்கு மருத்துவர் என்ன காரணம் சொன்னார்? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்களே அம்மா.