மாதச் சந்தாவும் முடியாத விளையாட்டும்: கேள்வி பதில்

வயது வந்தோருக்கான கணினி விளையாட்டுகளைத் தனியாகவோ சிறு குழுவாகவோ உருவாக்குகிறவர்கள் மக்களிடம் நிதி திரட்டுவது பற்றியும், அந்தப் பணத்துக்கு அவர்கள் எந்த அளவுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பது பற்றியும் கேள்விகள் அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தேன். ஒரே பொருளைச் சுற்றி வந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். எந்த விளையாட்டு நன்றாக இருக்கும் என்ற ரசனைக் கேள்விகளுக்கு இங்கே இடமில்லை.

கேள்வி: ஐயா, ஒரு விளையாட்டுக்கு மூன்று ஆண்டுகளாகப் பேட்ரியானில் மாதம் ஐந்து டாலர் கட்டி வருகிறேன். பதிப்பு எண் இன்னும் 0.4 தான். இதை மோசடி என்று சொல்லலாமா?

பெரும்பாலும் சொல்ல முடியாது. நீங்கள் ஒரு விளையாட்டை முன்பதிவு செய்யவில்லை. ஒருவருடைய வேலைக்கு மாதச் சந்தா கட்டுகிறீர்கள். 2013இல் தொடங்கப்பட்ட பேட்ரியான், இசைக்கலைஞர்களுக்கும் காணொளி செய்பவர்களுக்கும் தொடர் வருமானம் கிடைக்கட்டும் என்று உருவானது. ஒரு பாட்டு முடிந்தால் அடுத்த பாட்டு வரும். அங்கே "முடிந்துவிட்டது" என்பது வருமானத்தை நிறுத்துவதில்லை. விளையாட்டின் நிலைமை நேர்மாறானது. அது முடிந்த மாதத்திலிருந்து சந்தாதாரர்கள் விலகத் தொடங்குவார்கள். ஆகவே முடிக்காமல் வைத்திருப்பவருக்கு வருமானமும், முடித்துக் கொடுப்பவருக்கு வருமான இழப்பும் கிடைக்கும்படியாக இந்த ஏற்பாடே அமைந்திருக்கிறது. கெட்ட எண்ணம் இல்லாதவர்கூட இதில் மெல்ல மெல்ல வேகம் குறைவதைப் பார்க்கலாம். ஏமாற்றுகிறவர்களைவிட இப்படித் தளர்ந்துபோகிறவர்களே அதிகம் என்பது என் கணிப்பு.

பதிப்பு எண்ணுக்கும் முன்னேற்றத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை உருவாக்குநர் தம் விருப்பப்படி இடுகிறார்.

கேள்வி: அப்படியானால் கிக்ஸ்டார்ட்டர் பாதுகாப்பானதா?

ஒரு திட்டத்துக்கு இலக்கு வைத்து, முன்கூட்டியே மக்களிடம் பணம் திரட்ட உதவும் தளம் அது. விதிமுறை அளவில் சற்றுப் பாதுகாப்பானது. இலக்குத் தொகை சேராவிட்டால் யாரிடமும் பணம் எடுக்கப்படாது. சேர்ந்தபின் திட்டத்தை முடிக்க முடியாமல் போனால், என்ன நடந்தது, பணம் எப்படிச் செலவானது என்று விளக்க வேண்டும். மீதமிருப்பதைத் திருப்பித் தர முன்வர வேண்டும், அல்லது வேறு வடிவில் திட்டத்தை முடிக்க அது எப்படிப் பயன்படும் என்றாவது சொல்ல வேண்டும். ஆனால் இந்த ஒப்பந்தம் உங்களுக்கும் உருவாக்குநருக்கும் இடையிலானது. நிறுவனம் அதில் ஒரு தரப்பு அல்ல.

நீதிமன்றம் வரை போன வழக்குகள் மிகச் சில. ஒரு சீட்டுக்கட்டுத் திட்டத்தின் மீது வாஷிங்டன் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் 2014இல் வழக்குத் தொடுத்தார்; மறு ஆண்டு அபராதமும் செலவுத்தொகையுமாக ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் விதிக்கப்பட்டபோதும், அந்த மாநிலத்தைச் சேர்ந்த 31 ஆதரவாளர்களுக்குக் கிடைக்க வேண்டியது மொத்தம் 668 டாலர்தான். அதே 2015இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் தன் முதல் கூட்டுநிதி வழக்கை ஒரு பலகை விளையாட்டின் மீது நடத்தியது. 1,22,000 டாலருக்கு மேல் திரட்டிய அந்த மனிதர், பணத்தில் பெரும்பகுதியை வீட்டு வாடகை போன்ற சொந்தச் செலவுகளுக்குப் பயன்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. 1,11,793 டாலர் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவாகி, அவரிடம் கொடுக்க வசதியில்லை என்பதால் அது நிறுத்திவைக்கப்பட்டது. சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் பணம் கைக்கு வராது என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

மேலும், ஆபாசப் படைப்புகளைக் கிக்ஸ்டார்ட்டர் விதிப்படி ஏற்பதில்லை. ஆயினும் 2019இல் 'சப்வெர்ஸ்' என்ற வயது வந்தோருக்கான விளையாட்டு, ஒரு லட்சம் பவுண்டு இலக்கு வைத்து 16 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியது. அது 2021 மார்ச்சில், கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில், முடிவதற்கு முன்பே விற்கப்படும் 'முன் அணுகல்' நிலையில் வெளிவந்தது. பணம் கொடுத்தவர்கள் பொறுமை இழந்ததும் உண்டு. ஆனாலும் பொருள் கைக்கு வந்தது. இத்துறையில் அதை ஒரு நல்ல எடுத்துக்காட்டாகவே வைக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: 'ப்ரீடிங் சீசன்' விளையாட்டு நின்றுபோனதைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உண்மையில் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்களா?

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதிலிருந்து தவறான பாடத்தைக் கற்றவர்களே அதிகம். ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் உருவாகிவந்த இந்த விளையாட்டு, அக்காலத்தில் பேட்ரியானில் மாதந்தோறும் பல்லாயிரம் டாலர் ஈட்டிய திட்டங்களில் ஒன்று. 2016 ஜூனில் அது கைவிடப்பட்டதாக அறிவிப்பு வந்தது. தலைமை உருவாக்குநரின் அறிக்கையின்படி, முதன்மை ஓவியர் திட்டத்தை விட்டு விலகினார். ஓவியங்களின் உரிமை ஓவியரிடமே இருக்கும்படி ஒப்பந்தம் அமைந்திருந்ததால் படங்களும் அவருடனே போய்விட்டன. ஓவியர் பின்னர் 'க்ளவுட் மெடோ' என்ற தம் சொந்த விளையாட்டுக்கு நிதி திரட்டத் தொடங்கினார்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் முனையவில்லை. இரு தரப்பும் வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது வேறு. ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த பணத்தால் வரையப்பட்ட படங்கள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை, பணம் கொடுத்தவர்களில் அநேகமாக ஒருவரும் கேட்டிருக்கவில்லை. விளையாட்டு எப்போது வரும், அடுத்த பாத்திரம் எது என்றெல்லாம் கேட்டார்கள். இப்படிப் படங்களை நம்பி நிற்கும் விளையாட்டில் ஓவியமே பாதிக்கு மேற்பட்ட உடைமை. நிரலை வேறொருவர் மீண்டும் எழுதிவிடலாம், ஒரு கையின் பாணியில் வரைந்த படங்களை அப்படி ஈடுகட்ட முடியாது. ஓட்டம் எடுத்தவர்கள் என்று வசை பாடிய கூட்டம், அடுத்த திட்டத்துக்குப் பணம் கொடுக்கும்போதும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கேள்வி: பணம் கட்டுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

வாக்குறுதிகளைப் பார்க்காதீர்கள், பழைய பதிப்புகளின் மாற்றக் குறிப்புகளைத் திறந்து தேதிவாரியாகப் படியுங்கள். இத்துறையில் பெருவாரியானோர் பயன்படுத்தும் ரென்பை என்ற இலவச மென்பொருளில், எழுத்துப்பிரதியைச் சரிபார்க்கும் 'லிண்ட்' என்ற வசதி உண்டு. அதை ஓட்டினால் அறிக்கையின் முடிவில், விளையாட்டில் எத்தனை உரையாடல் பகுதிகள், எத்தனை சொற்கள், எத்தனை தெரிவுப்பட்டிகள், எத்தனை படங்கள் உள்ளன என்று எண்ணிக் காட்டிவிடும். அந்த நான்கு எண்களையும் ஒவ்வொரு வெளியீட்டிலும் போடுவதற்கு உருவாக்குநருக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. போடுகிறவரை நம்பலாம். "பிரம்மாண்டமான அப்டேட்" என்று மட்டும் எழுதுகிறவரிடம் அந்த எண்களைக் கேளுங்கள். அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதே உங்களுக்கு வேண்டிய தகவல்.

முப்பரிமாண உருவங்களை வைத்துச் செய்பவர்கள் பெரும்பாலும் டாஸ் ஸ்டுடியோ என்ற மென்பொருளில் காட்சி அமைத்து, அதிலுள்ள ஐரே என்ற வசதி மூலம் படமாக மாற்றுகிறார்கள். இதைத்தான் ரெண்டர் என்கிறார்கள். சாதாரணக் கணினியில் ஒரு படத்துக்குப் பல நிமிடங்களோ, காட்சி சிக்கலானால் மணிக்கணக்கோ ஆகும். எனவே "ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது" என்பது சில வாரங்களுக்கு நேர்மையான காரணம். ஓராண்டுக்கு அது காரணமாகாது.

இன்னொன்று, எனக்கு மிக முக்கியமாகப் படுவது: பேட்ரியானில் மாதக் கட்டண வசூலை உருவாக்குநர் தாமே நிறுத்திவைக்கலாம். உடல்நலக் குறைவோ வீடு மாறுதலோ வந்த மாதத்தில் வசூலை நிறுத்திவைத்த ஒருவர், பத்துப் பக்க விளக்கம் எழுதிவிட்டு வசூலைத் தொடர்ந்தவரைவிட நம்பத்தக்கவர்.

கேள்வி: பழைய பகுதிகளை எல்லாம் புதிதாகச் செய்யப் போகிறேன் என்று சொல்லி இரண்டு ஆண்டுகளை ஓட்டிவிட்டார் ஒருவர். இதை ஏற்கலாமா?

சில நேரம் ஏற்கத்தான் வேண்டும். 2020 டிசம்பர் 31 உடன் ஃப்ளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை அடோபி நிறுத்தியபோது, அதை நம்பியிருந்தவர்களுக்கு வேறு மென்பொருளில் விளையாட்டை மறுபடி கட்டுவதைத் தவிர வழியில்லை. ஆனால் "முதல் அத்தியாயத்தின் படங்கள் இப்போது எனக்குப் பிடிக்கவில்லை" என்பது வேறு விஷயம். கதை முடிவதற்கு முன் தொடக்கத்தை மறுபடி செய்வதற்குச் சந்தாப் பணம் செலவாகிறது என்றால், அதற்குக் கால வரம்பு கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: ஆதரவாளர்களிடம் வாக்கெடுப்பு நடத்தித்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறார்கள். இதுவே பொறுப்புடைமை ஆகாதா?

ஆகாது. அடுத்து எந்தப் பாத்திரத்துக்குக் காட்சி வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் வாக்களிப்பார்கள். ஒவ்வொரு வாக்கெடுப்பும் ஒரு கிளைக்கதையைச் சேர்க்கும், முடிவு இன்னும் தள்ளிப்போகும். "கிளைகளை இத்துடன் மூடிவிட்டு முடிவை எழுதட்டுமா?" என்ற வாக்கெடுப்பை நான் கண்டது அரிது.

கேள்வி: தாமதத்துக்குக் கட்டண நிறுவனங்களைக் காரணம் காட்டுகிறார்கள். சாக்குதானே?

சில வேளை சாக்கு, பல வேளை உண்மை. 2017 அக்டோபரில் பேட்ரியான் தன் விதிகளைக் கடுமையாக்கியபோது, குடும்ப உறவுக்குள் நடக்கும் பாலுறவுக் கதைகளை எழுதியிருந்தவர்கள் அவசரமாகப் பாத்திரங்களை "வீட்டு உரிமையாளர்", "வாடகைக்குக் குடியிருப்பவர்" என்று மாற்ற வேண்டியிருந்தது. அந்த அவசரத்தில் எழுதியது பல விளையாட்டுகளில் இன்றும் ஒட்டாமல் தெரியும். 2025 ஜூலையில், பணப் பரிமாற்ற நிறுவனங்கள், அட்டை வலையமைப்புகள், வங்கிகள் ஆகியவற்றின் விதிகளை மீறக்கூடிய உள்ளடக்கம் கூடாது என்று ஸ்டீம் ஒரு புதிய விதியைச் சேர்த்தது. அதே மாதத்தில், ஆஸ்திரேலிய அமைப்பான கலெக்டிவ் ஷவுட் கட்டண நிறுவனங்களை நோக்கி நடத்திய பிரசாரத்தைத் தொடர்ந்து, விளையாட்டுகளை வெளியிடும் இட்ச் தளம் வயது வந்தோர் உள்ளடக்கம் முழுவதையும் தன் தேடலிலிருந்து ஒரே நாளில் மறைத்தது. இலவசமாகக் கிடைப்பவற்றைப் பின்னர் திரும்பக் காட்டியது. எந்த விளையாட்டையும் நாங்கள் தடுக்கச் சொல்லவில்லை என்றது மாஸ்டர்கார்டு. இடையில் உள்ள பணப் பரிமாற்ற நிறுவனங்கள் மாஸ்டர்கார்டின் விதியைத்தான் சுட்டின என்றது ஸ்டீமை நடத்தும் வால்வ்.

கசப்பான உண்மை இதில் இருக்கிறது. பல ஆயிரம் ஆதரவாளர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டும் பெற முடியாத கணக்கையும் கட்டுப்பாட்டையும், பணத்தைக் கொண்டுசேர்க்கும் நிறுவனம் ஒரு மின்னஞ்சலில் பெற்றுவிடுகிறது. உருவாக்குநர் யாருக்குப் பயப்படுகிறாரோ அவருக்கே கணக்குச் சொல்கிறார்.

ஆகையால் சாக்கா உண்மையா என்று பிரித்தறிய, தேதியைப் பாருங்கள். விதி மாறியதற்கு முன்பே ஓராண்டாகப் பதிப்பு எதுவும் வரவில்லை என்றால், விதியின் மேல் பழி போடுவது செல்லாது. ஸ்டீமில் இது இன்னும் எளிது: 2025 தொடக்கத்திலிருந்து, ஓராண்டுக்கு மேல் புதுப்பிக்கப்படாத முன் அணுகல் விளையாட்டுகளின் பக்கத்தில் அத்தளமே எச்சரிக்கை காட்டுகிறது.

கேள்வி: கட்டிய பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் உண்டு. பேட்ரியானில் பெரும்பாலும் உருவாக்குநர் மனம்வைத்தால் உண்டு. வங்கி மூலம் கட்டணத்துக்கு மறுப்புத் தெரிவித்துப் பணத்தை மீட்பது கடைசி ஆயுதம். பல மாதம் பதிப்புகளைப் பதிவிறக்கிவிட்டு அதைக் கையாள்வது நேர்மையல்ல.

கேள்வி: அண்ணா, நான் கோவையில் இருக்கும் ஓவியர். வெளிநாட்டில் உள்ள ஒருவர் தம் விளையாட்டுக்கு வரையக் கேட்கிறார், வருமானத்தில் பங்கு தருவதாகச் சொல்கிறார். ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்?

தம்பி, முதலில் மூன்று விஷயங்கள் எழுத்தில் வேண்டும்: படங்களின் உரிமை யாருக்கு, நீ விலகினால் வரைந்து முடித்தவை என்ன ஆகும், பங்கு என்பது பேட்ரியான் தனக்கென எடுத்துக்கொள்ளும் கழிவுக்கு முன்பா பின்பா. மூன்றாவதை அற்பமாக நினைக்காதே. 2025 ஆகஸ்ட்டுக்குப் பின் தொடங்கிய பக்கங்களுக்குக் கழிவு 10 சதவீதம். அதற்கு மேல் பணப் பரிமாற்றச் செலவு தனி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டு, நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும். உலகமெங்கும் விற்கும் விளையாட்டுக்கு இது இரு தரப்புக்கும் வம்பு.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வெளிப்படையான பாலியல் உள்ளடக்கத்தை மின்னணு வடிவில் வெளியிடுவதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவின்கீழ் குற்றம். முதல் தடவைக்கே ஐந்து ஆண்டு வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. படைப்பு அந்த வகையில் வந்தால், சட்டத்துக்குப் புறம்பான நோக்கமுடையது என்று சொல்லி உன் ஒப்பந்தத்தை இங்குள்ள நீதிமன்றம் அமல்படுத்த மறுக்கவும் கூடும். அப்போது எழுதிவைத்த பங்கு காகிதத்தில்தான் இருக்கும். பங்கை விட்டுவிட்டு, படத்துக்கு இவ்வளவு என்று பேசி முன்பணம் வாங்கிக்கொள்வது உனக்கு நல்லது; அதற்கும் முன்பு, என்ன மாதிரியான படங்கள் என்று முழுப் பட்டியல் வாங்கி ஒரு வழக்கறிஞரிடம் காட்டு.