ஈறு வெளுத்துப்போன பூனை: வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் மீனுவுக்கு மூன்று வயது. இரண்டு மாதமாக மெலிந்துகொண்டே வருகிறாள். ஈறு வெளுத்துவிட்டது, விட்டுவிட்டுக் காய்ச்சலும் வருகிறது. ரத்தப் பரிசோதனையில் ஃபெலைன் லுக்கீமியா (பூனைகளுக்கு வரும் ஒரு வைரஸ் நோய்) பாசிட்டிவ். இதற்கு மருந்தே இல்லை என்கிறார்கள். காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சொட்டு கொடுக்கலாமா? வீட்டில் இன்னொரு பூனையும் ஐந்து வயது மகனும் இருக்கிறார்கள். மீனு இன்னும் எத்தனை நாள் இருப்பாள்?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: முதலில் பாராசிட்டமால். கொடுக்கவே கொடுக்காதீர்கள், ஒரு சொட்டுகூட வேண்டாம். பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் சக்தி மிகக் குறைவு. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடும். ஏற்கெனவே ரத்தசோகையில் இருக்கும் மீனு அதைத் தாங்க மாட்டாள். முன்பே கொடுத்திருந்தால், இதைப் படித்து முடிக்கக் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரினும் வேண்டாம்.

இனி நோய்க்கு வருவோம். வைரஸை உடம்பிலிருந்து அடியோடு விரட்டும் மருந்து இல்லை என்பது உண்மைதான். ஆனால் மீனுவை இப்போது வாட்டுவது வைரஸ் மட்டும்தானா என்று பார்க்காமல் கைவிடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த வைரஸ் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து ரத்தசோகை கொண்டுவரும், புற்றுநோயும் வரவைக்கும். கூடவே எதிர்ப்புசக்தியையும் குறைப்பதால் மற்ற கிருமிகள் சுலபமாக உள்ளே வரும். அதில் ஒன்று, சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை அழிக்கும் ஹீமோபிளாஸ்மா. தெள்ளுப்பூச்சி மூலம் பரவுவதாகக் கருதப்படும் அது வந்தாலும் இதே வெளுத்த ஈறுதான், இதே காய்ச்சல்தான். அதற்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கேட்கும். அதனால் உங்கள் டாக்டரிடம் மூன்றைக் கேளுங்கள்: முழு ரத்த எண்ணிக்கை, ஹீமோபிளாஸ்மா பரிசோதனை, லுக்கீமியாவை உறுதிசெய்ய, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை. மூச்சு வாங்கினால் நெஞ்சு எக்ஸ்ரேயும் தேவை. நெஞ்சுக்குள் கட்டியோ நீரோ இருக்கலாம்.

டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்தால் வெறுமனே வாயில் போட்டுவிட்டு விடாதீர்கள். பூனையின் உணவுக்குழாயில் அது ஒட்டிக்கொண்டு புண்ணாகி, குழாயே சுருங்கிவிடலாம். மாத்திரை உள்ளே போனதும் ஊசி இல்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரைக் கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

ரத்தம் மிகவும் குறைந்திருந்தால் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். முதல் தடவையே ரத்த வகை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும், ஏனென்றால் பூனைகளுக்கு மாற்று வகைக்கு எதிரான பொருள் இயல்பாகவே ரத்தத்தில் இருக்கலாம். உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி கிட்டம்; அந்த வசதி இருக்கிறதா என்று போன் பண்ணி விசாரித்துவிட்டுப் போங்கள். எய்ட்ஸ் மருந்தான ஏஇசட்டி பூனைகளுக்கும் தரப்படுவதை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். அதுவே ரத்தத்தைக் குறைக்கும். மீனு இருக்கும் நிலையில் டாக்டர் தயங்கினால் அந்தத் தயக்கம் சரியானதுதான்.

வீட்டில் உங்கள் கையில் இருக்கிற பெரிய வேலை சாப்பாடு. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் டாக்டரைக் கூப்பிடுங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் ஈரலில் கொழுப்பு படிந்து, அது தனி நோயாகிவிடும். பால்சாதமும் தயிர்சாதமும் போதாது, டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி அல்லது முள் எடுத்த மீன் கொடுங்கள். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும் என்பதால் குழம்பில் கிடந்த துண்டு கூட ஆகாது. கடையில் விற்கும் ஈரமான கேட் ஃபுட் இன்னும் நல்லது, அதில் எல்லாச் சத்தும் சேர்ந்திருக்கும். கிண்ணத்தை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். வாசனை எழும்பினால்தான் நோயாளிப் பூனை வாய் வைக்கும். பச்சை இறைச்சி, பச்சை மீன் வேண்டாம்.

கிண்ணத்துக்கு ஆசையாக வந்து, மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப்போனாலோ, வாயில் எடுத்ததைக் கீழே போட்டாலோ அவளுக்குப் பசி இல்லை என்று நினைக்காதீர்கள். வாயில் புண் இருக்கலாம். இந்த நோயில் அது வருவது சகஜம். வலிக்கும் குமட்டலுக்கும் மருந்து கொடுத்தால் பல பூனைகள் தாமாகவே சாப்பிட ஆரம்பிக்கும். பசியைத் தூண்ட மிர்டாசபின் இருக்கிறது. வாயைத் திறந்து திணிக்கிற வேலை மட்டும் வேண்டாம்: புரை ஏறும், அப்புறம் உணவைக் கண்டாலே ஓடுவாள்.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். தினமும் உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தையும், தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதையும் பாருங்கள். மூச்சு 30-ஐத் தாண்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது அவசரம். அப்போது இறுக்கிப் பிடிக்காமல் கூடையில் வைத்துக் கொண்டுபோங்கள்.

மகனைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இந்த வைரஸ் மனிதருக்கு வராது. ஆனால் எதிர்ப்புசக்தி குறைந்த பூனையிடம் படர்தாமரை போன்ற வேறு தொற்று இருக்கலாம், அதனால் தொட்டுவிட்டுக் கை கழுவச் சொல்லுங்கள், மலத்தைப் பெரியவர்கள் அள்ளுங்கள்.

இன்னொரு பூனையை உடனே பரிசோதியுங்கள். எச்சில்தான் முக்கியமாகப் பரப்புகிறது: ஒன்றையொன்று நக்குவது, ஒரே தட்டில் தின்பது, கடிப்பது. தட்டு, மணல் தட்டு, படுக்கை எல்லாம் தனித்தனியாக, முடிந்தால் அறையும் தனியாக இருக்கட்டும். சோப்புத் தண்ணீரிலேயே இந்த வைரஸ் செத்துப்போகும். நெகட்டிவ் என்று வந்தாலும் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். நாம் வழக்கமாகப் போடும் மூன்று நோய்த் தடுப்பூசியில் இதற்குப் பாதுகாப்பு இல்லை. தனி ஊசி கிடைக்குமா என்று கேளுங்கள். மீனுவை இனி வெளியே விடாதீர்கள். அவளுக்கும் அது நல்லது, தெருப் பூனைகளுக்கும் நல்லது.

எத்தனை நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். வைரஸ் உடம்பில் நிலைத்துவிட்ட பூனைகளில் பெரும்பாலானவை நோய் தெரிந்து சுமார் மூன்று ஆண்டுக்குள் இறக்கின்றன. மீனுவுக்கு ஏற்கெனவே ரத்தசோகை வந்துவிட்டதால் அவளுக்கான காலம் அதைவிடக் குறைவாக இருக்கலாம். காரணம் ஹீமோபிளாஸ்மா என்றால் தேறி நடமாட வாய்ப்புண்டு. மஜ்ஜையே ஓய்ந்துவிட்டது என்றால் வாரக்கணக்கில்தான் பேச முடியும். சாப்பாடு, உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்வது, உங்களைக் கண்டால் வருவது, இந்த மூன்றும் மருந்துக்குப் பிறகும் நின்றுபோய், மூச்சுக்கும் அவள் போராடினால், வலியில்லாமல் ஊசி போட்டு அனுப்பிவைப்பதில் பாவம் இல்லை. வீட்டுக்கு வந்து செய்வாரா, ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்பதை டாக்டரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.