சிங்கப்பூர் தேக்கா சந்தையில் காப்பி எப்படிக் கேட்பது, தட்டை எங்கே வைப்பது?

வெறும் ‘கோப்பி’ என்றால் இனிப்பான கெட்டிப்பால் ஊற்றித் தருவார்கள். பால் இல்லாமல் வேண்டுமா, ‘கோப்பி ஓ’ என்று கேளுங்கள். அதிலும் சர்க்கரை உண்டு. அதுவும் கூடாதென்றால் ‘கோப்பி ஓ கோசோங்’. (‘ஓ’ ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியில் கறுப்பு, ‘கோசோங்’ மலாயில் வெறுமை. ஒரே குவளையில் இரண்டு மொழி, எவ்வளவு அழகு!) பலர் தவறுவது ‘கோப்பி சி’யில்தான். அதில் கெட்டிப்பாலுக்குப் பதில் சர்க்கரை சேர்க்காத, நீர் வற்றவைத்த டின் பால் ஊற்றுவதால் இனிக்காது என்று நம்பிக் கேட்பார்கள். கடைக்காரர் சர்க்கரையைத் தனியாகச் சேர்த்துவிடுவார். சர்க்கரை நோயாளிகள் ‘கோப்பி சி கோசோங்’ என்று முழுதாகச் சொல்லுங்கள். குறைத்தால் போதுமென்றால் ‘சியூ டாய்’. குளிர்ச்சிக்கு ‘பெங்’.

சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைப்பது 2021 செப்டம்பர் முதல் கட்டாயம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு உண்டு. பன்றி இறைச்சி சாப்பிட்ட தட்டை அங்கே வைத்துவிடாதீர்கள். பலகையைப் படித்துவிட்டு வையுங்கள்.